நாலு சென்டிமீட்டர் மனிதர்கள்: கட்டைப் பொம்மை சேகரிப்பும் படமெடுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றின்மேல் ஒன்று அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்க்கவும், கட்டியதைப் படமெடுக்கவும் புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் லெகோவை வைத்துத்தான் பேசுவேன். பல வருடங்களாக என் கையில் புழங்குவது அதுதான்.

வளர்ந்தவர்களுக்கு இது எதற்கு? சின்னப் பிள்ளைகள் விளையாட்டுதானே?

பிள்ளைகளுக்காக வந்ததுதான். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் ‘லெக் கோட்’ என்ற டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். மேலே குமிழ், உள்ளே குழாய் என்று இன்று நாம் பார்க்கும் கட்டைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28 அன்று பதிவானது. அந்த வருடத்துக் கட்டை இன்றைய கட்டையோடு இப்போதும் பொருந்தும். பாட்டியும் பேத்தியும் தங்கள் தங்கள் கட்டைகளைச் சேர்த்து ஒரே வீட்டைக் கட்டலாம் என்பது சாதாரண விஷயமா?

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு போதும், அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம். சோரென் ஐலெர்ஸ் என்ற டேனிஷ் கணிதப் பேராசிரியர் கணக்கிட்ட எண் இது. ஆறே கட்டைக்கு இவ்வளவு என்றால், ஒரு பெட்டி நிறையக் கட்டை வைத்திருப்பவருக்கு அலுப்பு எங்கிருந்து வரும்? நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிற எனக்கு, ராத்திரி அரை மணி நேரம் விரல் நுனியில் ‘டக்’ என்று ஒன்று பொருந்துவது பெரிய ஆறுதல். வயது கேட்டு வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

முதலில் எந்த செட் வாங்குவது?

உங்களுக்குப் பிடித்த பொருள் எதுவோ அதன் நடுத்தர அளவு செட். எடுத்த எடுப்பிலேயே 7,541 பாகம் உள்ள மில்லேனியம் ஃபால்கன் என்ற ஸ்டார் வார்ஸ் விண்கலத்துக்கோ 10,001 பாகம் உள்ள ஈஃபில் கோபுரத்துக்கோ போகாதீர்கள். பெரிய செட்டுகளில் ஒரே வேலையை நூறு முறை செய்கிற பகுதிகள் வரும். பழக்கம் இல்லாதவர்கள் பாதியில் மூடி வைத்துவிடுவார்கள், அப்புறம் அதைத் திறக்கவே மனசு வராது.

படமெடுக்கும் ஆசையும் இருந்தால், மனித உருவங்கள் இரண்டு மூன்று, ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு விளக்குக் கம்பம் உள்ள செட்டைப் பாருங்கள். ஒரு சுவரும் ஒரு ஆளும் இருந்தால் வருடம் முழுக்கப் படம் எடுக்கலாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்: என் அலமாரியில் பெரிய கப்பல்கள் சும்மா நிற்கின்றன. அதிகம் படத்தில் வந்தது கையில் கடிதம் பிடித்த ஒரு தபால்காரர்தான்.

செட்டைக் கட்டியபடியே வைப்பதா, கலைத்துவிடுவதா?

இரண்டு கட்சியும் உண்டு. நான் கலைக்கிற கட்சி. கட்டி முடித்து, ஆசை தீரப் படமெடுத்து, சில மாதம் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்து, பிறகு பிரித்துவிடுவேன். குறிப்புப் புத்தகம் தொலைந்தாலும் கவலை இல்லை. பெட்டியில் இருக்கும் செட் எண்ணை வைத்து லெகோவின் இணையதளத்தில் பெரும்பாலான செட்டுகளின் குறிப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கலைத்த பிறகு எப்படிப் பிரித்து வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். எல்லோரும் முதலில் நிறவாரியாகத்தான் பிரிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், தேட முடியாது. சிவப்புப் பெட்டிக்குள் எல்லாமே சிவப்பாக இருக்கும்போது ஒரு சின்னச் சிவப்புப் பாகம் கண்ணில் படாது. வடிவவாரியாகப் பிரித்தால், பல நிறங்களுக்கு நடுவே நமக்கு வேண்டிய நிறம் தானாகக் கண்ணில் பளிச்சென்று படும். ஒரு பாகத்தின் பெயர் தெரியவில்லையா, கவிழ்த்துப் பாருங்கள். உள்பக்கம் பொடி எழுத்தில் அச்சு எண் இருக்கும். எட்டுக் குமிழ்க் கட்டையில் 3001 என்று இருக்கும். டப்பாமேல் அந்த எண்ணையே எழுதி ஒட்டிவிடலாம்.

சொந்தமாகக் கட்ட ஆசை. ஏதாவது கணக்குத் தெரிய வேண்டுமா?

நாலு எண் போதும். குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டை என்று சொல்லும் மெல்லிய பாகம் 3.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று தட்டை ஒரு கட்டைக்குச் சமம். நாலாவதுதான் சூட்சுமம்: ஐந்து தட்டையை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தப் பொருத்தம் இருப்பதால்தான் கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தும் இடைவெளி இல்லாமல் கட்ட முடிகிறது. சுவரில் குமிழே தெரியாமல் வழவழவென்று கட்டியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள், அதற்குள் இருப்பது இந்தக் கணக்குதான்.

இப்படிச் சொந்தமாகக் கட்டுவதை இந்த வட்டத்தில் ‘மாக்’ என்பார்கள். வேறொருவர் வடிவமைத்த மாக்கைப் பார்த்துக் கட்டிப் படமெடுத்தால் அவர் பெயரைத் தவறாமல் போடுங்கள். அவர் அதற்குப் பல ராத்திரிகள் உட்கார்ந்திருப்பார்.

பழைய கட்டைகளை வாங்கலாமா?

தாராளமாக. சேகரிப்பு விரைவாகப் பெருகுவது அப்படித்தான். உதிரிப் பாகங்களுக்கென்றே பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை 2000-லிருந்து இருக்கிறது; 2019-ல் லெகோ நிறுவனமே அதை வாங்கிவிட்டது. பழையதை எடுக்கும்போது சில விஷயம் பாருங்கள். ஒவ்வொரு குமிழின் தலையிலும் பொடியாக லெகோ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இரண்டு கட்டையைப் பொருத்தித் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. பல் பதிந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிக்க முடியாத கட்டையைப் பல்லால் கடிப்பது உலகம் முழுக்கப் பிள்ளைகளின் வழக்கம்.

சாம்பல் நிறத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2004 வாக்கில் சாம்பல் நிறக் கலவையை மாற்றினார்கள். புதியதில் கொஞ்சம் நீலம் ஓடும். பழையதையும் புதியதையும் கலந்து கோட்டைச் சுவர் கட்டினால் கண்ணுக்குக்கூடச் சட்டென்று தெரியாது, படத்தில் திட்டுத் திட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

கழுவ வேண்டுமானால் கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டாம், கொஞ்சம் மென்மையான சோப்பு. ஸ்டிக்கர் ஒட்டியதையும் மோட்டார், விளக்கு உள்ளவற்றையும் தண்ணீரில் போடாதீர்கள். துணியில் பரப்பி நிழலில் காய விடுங்கள்.

வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. என்ன செய்வது?

1963-லிருந்து இந்தக் கட்டைகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. உறுதியானது, பளபளப்பு குறையாது, ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் பழுக்கும். வெள்ளை, சாம்பல், நீலம் மூன்றிலும் பளிச்சென்று தெரியும்.

ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தை இரண்டு வருடம் வைத்திருந்தேன். தினமும் பார்த்ததால் மாற்றம் தெரியவில்லை. ஒருநாள் அதைப் பிரித்தபோது, மேலே வேறொரு பாகம் மூடியிருந்த இடம் மட்டும் பால் போல இருந்தது. சுற்றிலும் பழைய தந்தத்தின் நிறம். எல்லைக்கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. அன்றைக்கு அலமாரியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றினேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் மூழ்க வைத்து வெயிலில் சில மணி நேரம் வைத்தால் மஞ்சள் பெருமளவு போகும். கையுறை போட வேண்டும், கண்ணில் படக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. ஆனால் வெளுத்தது மறுபடியும் மஞ்சளாகலாம். அதனால் வெயில் படாமல் வைப்பதுதான் உருப்படியான வழி.

மற்ற நிறுவனங்களின் கட்டைகளைக் கலக்கலாமா?

கலக்கலாம். அடிப்படைக் கட்டையின் காப்புரிமைக் காலம் முடிந்து பல வருடமாகிறது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-ல் சொல்லிவிட்டது. பொருத்தமும் பளபளப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வடிவமைத்த செட்டை அப்படியே நகலெடுத்துப் பெட்டி போட்டு விற்பது வேறு கதை. அதை நான் வாங்குவதில்லை.

பிரிக்காத பெட்டியாக வாங்கி வைத்தால் விலை ஏறுமாமே?

சில செட்டுகள் ஏறும், சில கிடந்த இடத்திலேயே கிடக்கும். திறக்காத பெட்டியைப் படமெடுக்க முடியாது. என் பதில் அவ்வளவுதான்.

படமெடுக்க நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

முதல் ஒரு வருடம் போன் போதும். இரண்டு விஷயம் பழகுங்கள். ஒன்று, ரொம்பக் கிட்டே போகாதீர்கள். கிட்டே போனால் பல போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். உருவத்தின் மூக்குப் பக்கம் ஊதி, பின்பக்கம் சுருங்கித் தெரியும். ஒரு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் இயல்பாக வரும். இரண்டு, கையில் பிடித்து எடுக்காதீர்கள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, மூன்று விநாடி டைமர் போடுங்கள். பொத்தானைத் தொடுகிற அதிர்வே படத்தைக் கலைக்கப் போதும். கேமராதான் வேண்டும் என்று தோன்றும் நாள் வந்தால், கேமரா உடலைவிட, ரொம்பக் கிட்டேயிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸுக்குச் செலவு செய்யுங்கள்.

நான் எடுக்கும் படம் வெறும் பொம்மைப் படமாகவே இருக்கிறது. மற்றவர்கள் படத்தில் எப்படி உயிர் வருகிறது?

என்னிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லலாம் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

கை, கால் அசையும் லெகோ மனித உருவம், அதாவது மினிஃபிகர், 1978-ல் வந்தது. உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். நாம் அதை எப்போதும் மேலேயிருந்து பார்க்கிறோம். நின்றபடி மேஜையைக் குனிந்து பார்த்து ஒரு படம் எடுக்கிறோம். அப்படிப் பார்த்தால் எதுவும் பொம்மையாகத்தான் தெரியும். ஆறாவது மாடியிலிருந்து எடுத்தால் மனிதர்களே பொம்மையாகத்தான் தெரிவார்கள்.

நான் சொன்ன அந்தத் தபால்காரரை ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்தி, மேலேயிருந்து பத்துப் படம் எடுத்திருப்பேன். எல்லாம் விளம்பரப் படம் போல இருந்தன. அலுத்துப்போய்த் தரையில் வைத்துவிட்டு, தாடை தரையில் படும்படி படுத்துப் பார்த்தேன். அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் வந்தன. கதவு திடீரென்று உயர்ந்தது. கதவு நிலையில் ஒரு கீறல் இருந்தது, பல வருடமாகத் திறந்து மூடிய வீடு போல இருந்தது. அவர் யாரோ திறப்பதற்காகக் காத்திருந்தார். கடிதத்தில் என்ன செய்தி என்று எனக்கே கேட்கத் தோன்றியது. அன்றுமுதல் நான் நின்றுகொண்டு ஒரு படமும் எடுத்ததில்லை.

சரி, லென்ஸை எவ்வளவு கீழே இறக்குவது? பெரும்பாலான போன்களில் லென்ஸ் மேல் ஓரத்தில்தான் இருக்கும். போனைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் வைத்தால் லென்ஸ் கிட்டத்தட்ட உருவத்தின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள்.

இரண்டாவது, உருவத்தின் நிற்கும் விதம். மினிஃபிகருக்கு முழங்கையும் முழங்காலும் கிடையாது. முகம் அச்சடித்தது, மாறாது. ஆனால் தலையைக் கழுத்துக் குமிழிலிருந்து ஒரு மயிரிழை மேலே தூக்கினால், கொஞ்சம் சாய்க்க முடியும். கீழே சாய்த்தால் அதே சிரிப்பு சோகமாகிவிடும். மேலே சாய்த்தால் வியப்பு. ஒரு காலை முன்னே நகர்த்தி, எதிர்க் கையை முன்னே கொண்டுவந்து, உடம்பை லேசாக முன்னால் சாய்த்தால் ஆள் நடக்கிறார். சாய்ந்தபடி நிற்க, பாதத்தின் கீழே போஸ்டர் ஒட்டும் பசைக் களிமண் கடுகளவு போதும்.

ஒளிதான் வரவே மாட்டேன் என்கிறது. எந்த விளக்கு நல்லது?

எந்த விளக்கும் நல்லதுதான், அதற்கு முன்னால் என்ன வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ஏபிஎஸ் கண்ணாடி மாதிரி பளபளக்கும். சின்ன விளக்கை நேரே காட்டினால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், நிழல் கத்தி மாதிரி வெட்டும். விளக்குக்கும் உருவத்துக்கும் நடுவில் ஒரு ட்ரேசிங் பேப்பரைப் பிடியுங்கள். இப்போது ஒளி தருவது விளக்கு அல்ல, அந்தத் தாள். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், மினிஃபிகரின் உயரத்தைப்போல ஏழு மடங்கு. அதற்கு அந்தத் தாள் மேகம் மூடிய வானம்.

விளக்கை முன்னாலிருந்து காட்டாதீர்கள். பக்கவாட்டிலோ, சற்றுப் பின்னாலிருந்தோ காட்டி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையையோ தெர்மோகோல் துண்டையோ நிறுத்துங்கள். அது நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் ஒளியைத் திருப்பிவிடும். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் பகல், தள்ளி வைத்தால் மாலை. ராத்திரிக் காட்சி வேண்டுமானால் அட்டையை எடுத்துவிட்டு, ஜன்னலுக்குள் ஒரு சின்ன மஞ்சள் எல்இடியை வையுங்கள்.

ஒரு காட்சிக்கு ஒரே வகை ஒளி இருக்கட்டும். அறையின் வெள்ளை விளக்கு, மேஜையின் மஞ்சள் விளக்கு, ஜன்னல் வெளிச்சம் மூன்றும் கலந்தால் எந்த நிறமும் சரியாக வராது. முதலில் அறை விளக்கை அணையுங்கள்.

பளபளப்பு இன்னும் தொந்தரவு செய்தால், கேமராவில் போலரைசர் ஃபில்டரைப் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் பளபளப்பு அடங்கி, கட்டையின் நிஜமான நிறம் எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

முகம் தெளிவாக இருந்தால் பின்னால் உள்ள வீடு மங்கிவிடுகிறதே?

கிட்டேயிருந்து எடுத்தால் தெளிவு கிடைக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கொஞ்சம் பின்னால் போய் எடுத்துப் பிறகு வெட்டிக்கொண்டால் ஆழம் கூடும். கேமராவில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8, எஃப் 11 வரை போகலாம். அதற்கு மேல் போகப் போக ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும். முழுக் கட்டடமும் தெளிவாக வேண்டுமானால், கேமராவை அசைக்காமல் ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குவார்கள். அதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர்.

மங்கலை எதிரியாக நினைக்க வேண்டாம். ஆள் கதை சொல்கிற படத்தில் பின்னணி மங்குவதுதான் நல்லது. கட்டடத்தைக் காட்டுகிற படத்துக்கு மட்டும் இந்த வேலையெல்லாம்.

தூசியும் கைரேகையும் படத்தில் பூதாகாரமாகத் தெரிகின்றன.

எடுப்பதற்கு முன் செய்கிற ஐந்து நிமிட வேலை, எடுத்த பிறகு கணினியில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும். மூலை முடுக்குக்கு மென்மையான மேக்கப் பிரஷ், முகத்துக்கும் தட்டையான பாகங்களுக்கும் மைக்ரோஃபைபர் துணி, கடைசியாகக் காற்றடிக்கும் ரப்பர் பந்து. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கறுப்புக் கட்டைகளைக் கடைசியில், துணியால் பிடித்தே வையுங்கள்.

வெளியில் எடுத்துப்போய்ப் படமெடுக்கலாமா?

கட்டாயம். புல் காடாகும், பாசி புல்வெளியாகும், மழைத் தேக்கம் ஏரியாகும். நாலு சென்டிமீட்டர் உயரத்தில் மழை விட்ட ஒரு தெருவோரம் ஒரு கண்டம். மேகம் மூடிய நாள், அல்லது சூரியன் சாயும் நேரம் பாருங்கள். மணலில் மட்டும் ஜாக்கிரதை: கை, கால் மூட்டுக்குள் ஒரு துகள் போனாலும் அசைக்கும்போது பிளாஸ்டிக்கைக் கீறும். மணலில் எடுத்தால் வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மூட்டை அசைப்பேன். போகும்போது எத்தனை உருவம், எத்தனை தொப்பி என்று எழுதிக்கொண்டு போங்கள், திரும்பும்போது எண்ணுங்கள். புல்லில் விழுந்த பச்சைத் தொப்பி கிடைக்காது.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

எட்டாத உயரத்தில், மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்தச் சின்னப் பாகங்கள் தொண்டையில் அடைக்கும் ஆபத்து. வேலை முடிந்ததும் தரையை டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் சின்னப் பாகமும் நீள நிழல் போட்டுக் காட்டிக் கொடுக்கும்.

இன்றைக்கே ஒரு படம் எடுக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

ஒரு உருவம், ஒரு வெள்ளைத் தாள், ஜன்னல் வெளிச்சம். தாளை வளைத்துச் சுவரில் சாய்த்தால் பின்னணி தயார். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். உருவத்துக்கு ஏதாவது ஒரு பொருள் கொடுங்கள்: ஒரு பென்சில், ஒரு சாவி, ஒரு சட்டைப் பொத்தான். அந்தப் பொத்தானை அவர் எங்கிருந்து உருட்டி வருகிறார், எங்கே கொண்டுபோகிறார் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தலையை அந்தப் பக்கம் திருப்புங்கள், போகிற பக்கம் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். போனைத் தலைகீழாக்கித் தரையில் வையுங்கள். அப்புறம் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்.